கணப்பின் நெருப்பைச் சமன்செய்ய நீரா, மண்ணா?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன்பு வீடு மாறினோம். புதிய வீட்டின் கூடத்தில் விறகு எரிக்கும் பழைய கணப்பு ஒன்று இருக்கிறது. செங்கல் முகப்பு, அதன்மேல் கனமான மரப்பலகை, உள்ளே காலங்காலமாகப் புகை படிந்து கறுத்த சுவர். வீடு பார்க்க வந்த அன்றே இந்தக் கணப்பிடம்தான் மனத்தைப் பறிகொடுத்தேன். குளிர்காலம் முழுவதும் குடும்பம் அதைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும் என்று கற்பனை செய்திருந்தேன்.

நடப்பது வேறு. நெருப்பு மூட்டிய கால்மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். இருக்கும் நேரத்திலும் பேச்சு எப்படியோ வாக்குவாதத்தில் முடிகிறது. நெருப்பு இல்லாத நாட்களிலோ அந்தக் கறுத்த வாய் கூடத்தையே விழுங்கப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

வீட்டுப் பொருள்களை அமைக்கும் சீனக் கலையான ஃபெங் ஷுய் பயின்ற குடும்ப நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். “இங்கே நெருப்பு மிஞ்சிவிட்டது, நீரால் அடக்குங்கள்” என்றார். அவர் சொன்னபடி கணப்புக்கு மேலே பெரிய கண்ணாடி மாட்டினேன். பக்கத்தில் ஒரு மேசை நீரூற்று வைத்தேன். சோபா உறைகளைக் கருநீலமாக மாற்றினேன். ஆறு வாரம் ஆகிறது. முன்பு இருந்தது புழுக்கம் என்றால் இப்போது இருப்பது பதற்றம்.

திசைகாட்டி வைத்துப் பார்த்ததில் கணப்பு வடமேற்குச் சுவரில் இருக்கிறது. நேர் எதிரே தென்கிழக்கில் வாசல் கதவு. இந்தக் கலையில் எனக்கு நம்பிக்கை உண்டு, அதனால்தான் கேட்கிறேன். எங்கே தவறினேன்?

செங்கல்சுவர் எழுதியது:

இரண்டு கேள்விகள். சோபா எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது? கண்ணாடியில் தெரிவது என்ன?

நிலாமுற்றம் எழுதியது:

சோபா கணப்பைப் பார்த்து இருக்கிறது, அதாவது வாசல் கதவுக்கு முதுகு காட்டி. கண்ணாடியில் வாசல் கதவு முழுதாகத் தெரிகிறது.

வடதிசை எழுதியது:

உங்கள் நண்பர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், மருந்தில்தான் பிழை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீரால்தான் நெருப்பைச் சமன்செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் நீண்ட நாளாக மனத்தாங்கல் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நாம் ஐம்பூதம் என்றால் நிலம், நீர், தீ, காற்று, வான் என்று எண்ணிப் பழகியவர்கள். சீன மரபின் ஐந்து வேறு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். அங்கே காற்றும் வானும் இல்லை. அந்த ஐந்தையும் பொருள்களாகப் பார்க்காமல், ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே போகும் ஐந்து நிலைகளாகப் பாருங்கள். மரம் நெருப்பை வளர்க்கிறது. நெருப்பு எரிந்து முடிந்தால் சாம்பல், அதுதான் மண். மண்ணுக்குள் உலோகம் பிறக்கிறது. குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் துளிர்க்கிறது. நீர் மரத்தை வளர்க்கிறது. இது ஆக்கச் சுழற்சி. அடக்கும் சுழற்சி தனி: நீர் நெருப்பை அணைக்கிறது, நெருப்பு உலோகத்தை உருக்குகிறது, உலோகம் மரத்தை வெட்டுகிறது, மரம் மண்ணைப் பிளக்கிறது, மண் நீருக்கு அணை போடுகிறது.

மிஞ்சிய நெருப்பைக் குறைக்க இதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நீரை ஏவி அடிப்பது. மற்றது மண்ணைக் கொடுத்து நெருப்பின் வேகத்தை அதில் செலவழிக்க விடுவது. தாய் பிள்ளைக்குப் பாலூட்டித் தன் பலத்தைக் கொடுப்பதுபோல நெருப்பு மண்ணைப் பெற்று இளைக்கிறது. முதல் வழியில் சண்டை உண்டு, இரண்டாவதில் சண்டையே இல்லை. எரியும் கணப்பு அறையிலேயே வலுவான பொருள். அதற்கு எதிராக ஓடும் நீரையும் கருநீலத்தையும் நிறுத்தினால் இரண்டு பயில்வான்களைக் கூடத்தில் மோதவிட்டதுபோல் ஆகும். நீங்கள் சொல்லும் பதற்றம் இந்த மோதல்தான் என்பது என் கருத்து.

மண் என்றால் பானையில் மண்ணை நிரப்பி வைக்க வேண்டும் என்பதில்லை. மஞ்சள், பழுப்பு, மணல் நிறம், சுட்ட களிமண் நிறம் எல்லாம் மண். வடிவத்தில் சதுரமும் தட்டையும் மண். கல், ஓடு, பீங்கான் எல்லாம் மண். கணப்புக்கு முன் தரையில் ஒரு கல் பலகை, இரு பக்கமும் கனமான களிமண் சாடிகள், கருநீல உறைக்குப் பதிலாக மணல் நிறம். இதோடு நிறுத்திப் பாருங்கள். நீரூற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கூர்மையான முக்கோண வடிவங்களும் சிவப்பும் நெருப்பின் கணக்கு. கம்பளத்தில் அவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஓட்டுவீடு எழுதியது:

வடதிசை ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கணப்புக்கு மேல் கண்ணாடி என்பது எங்கள் மரபில் முதன்மையான பரிகாரம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

சீனரின் பழைய குறிநூலான யீ ஜிங்கில், ஆறு கோடுகளால் ஆன 64 உருவங்களில் 63ஆவதைப் பாருங்கள். கீழே நெருப்பு, மேலே நீர். ‘ஜீ ஜீ’ என்று பெயர், கடந்து முடிந்தது, நிறைவேறியது என்று பொருள். 64ஆவது அப்படியே தலைகீழ்: மேலே நெருப்பு, கீழே நீர். அதற்குப் பெயர் ‘வெய் ஜீ’, இன்னும் நிறைவேறாதது. நெருப்பு மேலே போகும் இயல்புடையது, நீர் கீழே வரும் இயல்புடையது. நீர் மேலே இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன, நடுவில் சந்திக்கின்றன. அடுப்பின்மேல் வைத்த நீர்ப்பாத்திரம் நெருப்பை அணைப்பதில்லை, நெருப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே கணப்புக்கு மேலே நீரைக் குறிக்கும் கண்ணாடியோ கடல் ஓவியமோ இருப்பது மோதல் ஆகாது, கூடல்.

கண்ணாடி நெருப்பை இரட்டிப்பாக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நெருப்பு இருக்கும் சுவரிலேயே மாட்டிய கண்ணாடியில் அந்த நெருப்பு எப்படித் தெரியும்? எதிரே இருப்பதுதான் தெரியும்.

வடதிசை எழுதியது:

63ஆவது உருவத்தை எடுத்துக்காட்டியதற்கு நன்றி, அழகான இடம் அது. ஒத்துக்கொள்கிறேன், மேலே இருக்கும் நீரும் பக்கத்தில் இருக்கும் நீரும் ஒன்றல்ல. நீரூற்று பக்கவாட்டில் இருந்தது, அது மோதல்தான். கண்ணாடியைப் பற்றி நான் அவசரப்பட்டிருக்கலாம். ஆனால் அதே உருவம் ஓர் எச்சரிக்கையும் கொண்டது. நிறைவேறிய நிலை எளிதில் குலையக்கூடியது. பாத்திரத்து நீர் பொங்கி வழிந்தால் நெருப்பு அணைகிறது, நெருப்பு மிஞ்சினால் நீர் வற்றிப் போகிறது. கணப்பின் அகலத்தைத் தாண்டிய கண்ணாடி மேலே வந்து நிற்பது பொங்கி வழியும் பாத்திரம்போல.

செங்கல்சுவர் எழுதியது:

கண்ணாடி கணப்புக்கு மேலே இருக்கலாமா என்று விவாதிக்கிறீர்கள். நான் கேட்டது அதில் என்ன தெரிகிறது என்று. அவருடைய கண்ணாடியில் வாசல் கதவு தெரிகிறது. வாசலை நேருக்கு நேர் பார்க்கும் கண்ணாடி உள்ளே வரும் ‘ச்சி’யைத் திருப்பி அனுப்பிவிடும் என்று ஃபெங் ஷுய் பயிலும் பலரும் சொல்வார்கள். ‘ச்சி’ என்றால் உயிராற்றல், காற்றோடு சேர்ந்து வருவது. அந்தக் கலையின் பெயரே காற்றும் நீரும்தானே.

அதைவிட எனக்கு உறுத்துவது சோபா. கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் எவ்வளவு நேரம் நிம்மதியாக இருப்பார்? முதுகுக்குப் பின்னால் திடமான சுவர், பார்வையில் கதவு. இதை ஆளுமை இருக்கை என்பார்கள். ஃபெங் ஷுய்யில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான், எந்த அறைக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் கணப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கதவை இழக்கிறார், கதவைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கணப்பை இழக்கிறார். யாரும் கால்மணி நேரத்துக்கு மேல் உட்காராததற்கு நெருப்பைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

சோபாவை எடுத்துக் கணப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்க்குமாறு போடுங்கள். உட்காருபவர் ஒரு பக்கம் தலையைத் திருப்பினால் நெருப்பு, மறுபக்கம் திருப்பினால் கதவு. முதுகை வெட்டவெளியில் விடாமல் பின்னால் ஓர் அலமாரியோ உயரமான சாய்மானமோ இருக்கட்டும்.

எண்கோணம் எழுதியது:

வடமேற்கு என்று படித்ததும் திக்கென்றது. எட்டுத் திசைக்கும் ஒரு குறி தரும் பாகுவா வரைபடத்தில் வடமேற்கு ‘ச்சியென்’, வானம், வீட்டுத் தலைவரின் இடம், உலோகம். அங்கே நெருப்பு இருந்தால் ‘வானத்தின் வாயிலை எரிக்கும் நெருப்பு’ என்று ஒரு தோஷமே இருக்கிறது. நெருப்பு உலோகத்தை உருக்கும். வீட்டுத் தலைவருக்கு ஆகாது என்பார்கள். கணப்பையே செங்கல் வைத்து அடைத்துவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

நிலாமுற்றம் எழுதியது:

இதைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை. என் கணவருக்கு ஏற்கெனவே உடல்நிலை அவ்வளவு சரியில்லை. அடைத்துவிட வேண்டுமா?

வடதிசை எழுதியது:

அம்மா, அச்சப்பட வேண்டாம். எண்கோணம் நண்பர் சொல்லும் விதி உண்மையில் இருக்கிறது. ஆனால் அது நாள்தோறும் எரியும் சமையல் அடுப்பை வைத்து எழுந்த விதி. குளிர்காலத்தில் சில மாலைகளில் மட்டும் மூட்டும் கணப்புக்கு அதே எடையைக் கொடுப்பது நியாயம் இல்லை. தவிர, விதி சொல்வது நெருப்பும் உலோகமும் மோதும் என்பதை. அந்த மோதலுக்கு நடுவே நிறுத்த வேண்டியது எது? ஆக்கச் சுழற்சியை மறுபடி சொல்லிப் பாருங்கள்: நெருப்பு மண்ணைத் தருகிறது, மண் உலோகத்தைத் தருகிறது. மண் நடுவில் வந்ததும் பகை போய் உறவாகிவிடுகிறது. முன்பு சொன்ன கல் பலகையும் களிமண் சாடிகளும் வடமேற்குக்கும் சேர்த்துத்தான் மருந்து. அதனால்தான் நீரைவிட மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீர் நெருப்பை மட்டும் அடக்கும், மண் இரண்டு பேரையும் சமாதானம் செய்யும்.

உங்கள் கணவரின் உடல்நிலைக்கு மருத்துவரைப் பாருங்கள். சுவரின் திசையில் அதற்குக் காரணம் தேடாதீர்கள். இந்தக் கலையின் பெயரால் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்வது எனக்குச் சம்மதம் இல்லை.

பாகுவாவை வைக்கும் முறையிலும் பள்ளிகள் வேறுபடுகின்றன. நான் திசைகாட்டிப் பள்ளியைச் சேர்ந்தவன், எனக்கு நெருப்பின் இடம் தெற்கு, ‘லீ’. லின் யுன் (1932–2010) பரப்பிய கருந்தொப்பிப் பள்ளியில் பாகுவாவை வாசலோடு சேர்த்து வைப்பார்கள், திசைகாட்டி தேவையில்லை. அந்தக் கணக்கில் வாசலுக்கு எதிர்ச்சுவர் வானத்துக்கு உரியதே அல்ல. நடுவில் இருந்தால் புகழுக்குரிய இடம், அதாவது நெருப்பின் சொந்த வீடு. ஒரே கணப்பு ஒரு பள்ளிக்குத் தோஷம், இன்னொரு பள்ளிக்கு யோகம். ஒரு பள்ளியைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். இரண்டையும் கலந்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

எண்கோணம் எழுதியது:

மன்னிக்கவும் சகோதரி. பயமுறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. நான் படித்ததை அப்படியே எழுதிவிட்டேன், அதைப் படிக்கிறவர் எந்த நிலையில் இருப்பார் என்று யோசிக்கவில்லை.

கரிச்சட்டை எழுதியது:

நான் புகைபோக்கி துப்புரவு செய்பவன், இருபது ஆண்டுக்கு மேல் இதே வேலை. ஃபெங் ஷுய் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாசல் கதவு ஒரு பக்கம், கணப்பு நேர் எதிரே, நடுவில் சோபா. திறந்த கணப்பு எரியும்போது என்ன நடக்கிறது தெரியுமா? சூடான காற்று புகைபோக்கி வழியே மேலே போகிறது. போன காற்றை ஈடுகட்ட வெளியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தாக வேண்டும். எங்கிருந்து வரும்? கதவின் அடி இடுக்கிலிருந்து. அது நேராகக் கணப்பை நோக்கித் தரையோடு தரையாகப் போகும். வழியில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் வெந்துபோகும், கணுக்காலும் கழுத்தும் ஜில்லிட்டுப்போகும். முன்னால் கோடை, பின்னால் குளிர். கால்மணி நேரத்தில் எழுந்து போகாமல் என்ன செய்வார்கள்? எரிச்சலில் வாக்குவாதமும் வரும்.

நெருப்பு இல்லாத நாளில் இதைச் செய்து பாருங்கள். புகைபோக்கியின் தொண்டையில் டாம்பர் என்று ஓர் அடைப்புத் தகடு இருக்கும். அதை மூடுங்கள். ஜன்னல்களையும் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கணப்பின் வாயருகே பிடியுங்கள். புகை நேராக மேலே எழுந்தால் தகடு நன்றாக மூடுகிறது. உள்பக்கம் சாய்ந்து போனால் உங்கள் வீட்டுச் சூடு இரவும் பகலும் வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நீரூற்றை எடுக்கச் சொன்னது நல்லது. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், அடக்குகிறேன் என்று எரியும் கணப்பில் யாரும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஆவியும் சுடுசாம்பலும் முகத்தில் அடிக்கும், சூடான செங்கல் விரிசல் விடும்.

ஓட்டுவீடு எழுதியது:

ஐயா, நீங்கள் ஃபெங் ஷுய் தெரியாது என்கிறீர்கள். வாசலுக்கு எதிரே கணப்பு இருந்தால் உள்ளே வரும் ‘ச்சி’ நேராக அதில் புகுந்து புகைபோக்கி வழியே வெளியேறிவிடும் என்றுதான் எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். அதையே நீங்கள் காற்றை வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

கேள்விக்குறி எழுதியது:

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ச்சி’ என்று ஓர் ஆற்றல் இருப்பதற்கு அறிவியல் சான்று இல்லை, அதனால் நான் அதை ஏற்பதில்லை. ஆனால் கேலி செய்ய வரவில்லை. ஒரு கேள்வி மட்டும். கரிச்சட்டை அவர்கள் சொன்ன காற்றோட்டமும் செங்கல்சுவர் சொன்ன இருக்கையும் போதுமான விளக்கம் தந்துவிட்ட பிறகு மண்ணும் நீரும் எதற்கு?

செங்கல்சுவர் எழுதியது:

நல்ல கேள்வி. நான் என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். காற்று இடுக்கை அடைத்தால் கணுக்காலுக்குக் குளிர் போகும். ஆனால் நெருப்பு இல்லாத நாளில் அந்தக் கறுத்த குழி கண்ணை உறுத்துவதை எந்தத் தகடும் சரிசெய்யாது. கனம், நிறம், வடிவம், எதன் அருகில் எது என்று யோசிக்க எனக்கு ஒரு மொழி வேண்டியிருக்கிறது. ஐந்து நிலைகள் எனக்கு அந்த மொழி. ‘இங்கே நெருப்பு மிஞ்சிவிட்டது, மண் தேவை’ என்று ஒருவர் சொன்னதும் என் கை எந்தச் சாடியை எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. இதை அறிவியல் என்று நான் சொல்லவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

மொழி என்று சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. நன்றி.

நிலாமுற்றம் எழுதியது:

நேற்று இரவு ஊதுபத்திச் சோதனையைச் செய்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து, தகட்டின் பிடியை இழுத்து மூடிவிட்டு, பத்தியைக் கணப்பின் வாயருகே பிடித்தேன். முதலில் புகை நூல்போல நேராக எழுந்தது. ஒரு சாண் உயரம் போனதும் யாரோ கையால் பிடித்து இழுத்ததுபோல் வளைந்து, செங்கல் விளிம்புக்கு அடியில் நுழைந்து, இருட்டுக்குள் போய்விட்டது. பத்தியை எங்கே நகர்த்தினாலும் அதே வளைவு. தகடு மூடியிருப்பதாக ஆறு வாரமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு வாசல் கதவின் அடியில் பிடித்தேன். புகை தரையோடு படுத்துச் சோபாவின் காலைத் தாண்டிக் கணப்பை நோக்கி ஓடியது. என் மகள் ஒவ்வொரு நாளும் உட்காரும் இடத்தின் வழியாகத்தான். அவள்தான் முதலில் எழுந்து போகிறவள்.

‘ச்சி’ வெளியேறுகிறது என்று படித்தபோது அது சொல்லாகத்தான் இருந்தது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

கரிச்சட்டை எழுதியது:

தகடு துருப்பிடித்துக் கோணியிருக்கும், இல்லாவிட்டால் மேலே கரி விழுந்து அடைத்திருக்கும். ஆளை வரவழைத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது துப்புரவு செய்தார்கள் என்று முன்பு இருந்தவரிடம் கேட்டீர்களா? ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஈர விறகை எரித்தால் புகை மேலே போகும் வழியில் குளிர்ந்து கிரியோசோட் என்னும் தார் போன்ற கசடாகப் படியும். அது உள்ளேயே தீப்பிடிக்கும். 3 மில்லிமீட்டர் கனம் படிந்தாலே துப்புரவு செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். விறகில் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு நாளும் மூட்டாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சாடி வையுங்கள் என்று எழுதுகிறீர்கள். களிமண் சாடி இருக்கட்டும். செடி, துணி, தாள், மரச்சாமான் எதுவானாலும் எரியும் கணப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும்.

உங்கள் கணப்பின் உட்சுவர்கள் நேராக இருக்கின்றனவா, சாய்வாக இருக்கின்றனவா? லண்டனில் 1790களில் ரம்ஃபோர்டு பிரபு என்று அழைக்கப்பட்ட பெஞ்சமின் தாம்சன் (1753–1814) கணப்புகளின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டவைத்தார். புகைபோக்கியின் தொண்டையையும் குறுக்கினார். சூடு மேலே ஓடாமல் அறைக்குள் திரும்பியது. ஆழமான சதுரக் கணப்பு என்றால் பெரும்பகுதி சூடு போய்க்கொண்டேதான் இருக்கும்.

மூன்றாம்படி எழுதியது:

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது புகைபோக்கி இல்லாத மின்கணப்பு, படுக்கையறையில் இருக்கிறது. மேலே தொலைக்காட்சி. இதற்கும் இந்த விதிகள் பொருந்துமா? இன்னொன்று, ஃபெங் ஷுய் கணக்கில் 2024 முதல் இருபது ஆண்டு நீளும் ஒன்பதாவது காலம் தொடங்கிவிட்டது, அது நெருப்பின் காலம், ஆகவே கணப்பு இருந்தால் அதிர்ஷ்டம் என்று படித்தேன். உண்மையா?

வடதிசை எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். புகைபோக்கி இல்லாததால் வெளியேற்றம் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் கண் பார்ப்பது நெருப்பைத்தான், ஆகவே நெருப்பின் கணக்கு உண்டு. படுக்கையறை ஓய்வுக்கு உரியது, அமைதியின் பக்கமான யின். நெருப்பு வேகத்தின் பக்கமான யாங். உறங்குவதற்கு முன் அணைத்துவிடுங்கள். தொலைக்காட்சியும் நெருப்பின் இனம்தான், நெருப்பின்மேல் நெருப்பு. படுக்கையறையில் இரண்டில் ஒன்று போதும்.

பறக்கும் நட்சத்திர முறையில் ஒன்பதாவது காலம் 2024 முதல் 2043 வரை, அதன் இயல்பு நெருப்பு என்பது சரி. அதற்காக வீட்டில் நெருப்பைக் கூட்ட வேண்டும் என்று பொருள் இல்லை. வெயில் காலத்தில் யாராவது கம்பளியைத் தேடுவார்களா? ஊரெங்கும் நெருப்பு ஓங்கும் காலத்தில் வீட்டுக்குள் அதை ஏற்று நிறுத்த மண்ணும் நிதானமும்தான் அதிகம் தேவை.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தகட்டை மாற்றியாகிவிட்டது. உண்மையில் அது கோணிப்போய்ப் பாதி திறந்தே நின்றிருக்கிறது. துப்புரவு செய்தவர் ஒரு வாளி நிறையக் கசடு எடுத்தார், நாங்கள் அடுத்த நெருப்பை மூட்டாமல் இருந்தது நல்லது என்றார். வாசல் கதவின் அடியில் பட்டை ஒட்டினேன். கணப்புக்கு வேண்டிய காற்றுக்காக, உட்காரும் இடத்தில் படாத பக்க ஜன்னலை மூட்டும் நேரத்தில் ஒரு விரல் அகலம் திறந்து வைக்கிறோம், அவரே சொல்லிக்கொடுத்தது.

சோபாக்கள் இப்போது எதிரெதிரே இருக்கின்றன. கருநீல உறைகள் போய் மணல் நிறம் வந்திருக்கிறது. கணப்புக்கு முன்னே சாம்பல் நிறக் கல் பலகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு களிமண் சாடிகள். சாடி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, ஆனால் எடுக்க மனம் வரவில்லை. நெருப்பு மூட்டாத நாட்களில் உள்ளே விறகை அடுக்கி வைக்கிறேன். கறுத்த வாய் இப்போது விழுங்கப் பார்ப்பதில்லை, நிறைந்த வாயாக இருக்கிறது.

கண்ணாடியை இறக்கியபோது அதன் கீழ்ச்சட்டத்தின் பின்பக்கம் விரல் பட்டதும் கருமை ஒட்டிக்கொண்டது. ஆறு வாரத்தில் அவ்வளவு புகை அறைக்குள் வந்திருக்கிறது, நாங்கள் அதைச் சுவாசித்திருக்கிறோம். அந்தச் சுவர் இப்போது வெறுமையாக இருக்கிறது. ஓட்டுவீடு சொன்ன 63ஆவது உருவம் மனத்தை விட்டுப் போகவில்லை. வாசலைக் காட்டாத, கணப்பைவிட அகலம் குறைந்த ஒரு கடல் ஓவியம் மாட்டலாமா என்று யோசிக்கிறேன். வடதிசை ஐயா, சம்மதமா?

போன சனிக்கிழமை மகள் விறகு எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் அதிகம் பேசவில்லை.

வடதிசை எழுதியது:

மாட்டுங்கள் அம்மா. அமைதியான கடலாக இருக்கட்டும், புயல் வேண்டாம். ஓட்டுவீடு அவர்களுக்கு இதில் பாதிப் பங்கு உண்டு.

ஓட்டுவீடு எழுதியது:

மகிழ்ச்சி. மண்ணைப் பற்றி நானும் கற்றுக்கொண்டேன்.

கரிச்சட்டை எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. எரிந்து முடிந்ததும் சாம்பலை முழுக்க வாரிவிடாதீர்கள். குளிர்காலம் முடியும்வரை அடியில் இரண்டு விரல் கனத்துக்கு விட்டுவையுங்கள். தணல் அதற்குள் சூட்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், மறுநாள் மூட்டுவதும் எளிது. மிச்சத்தை மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். நீறு பூத்த நெருப்பு நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

நெருப்பு பெற்ற மண்ணே நெருப்பைக் காக்கிறது என்கிறீர்கள். இன்று மாலை வாரப்போகிறேன், இரண்டு விரல் விட்டு.